இரு பூட்டுச் சங்கிலி

லொரெட்டா சாவியைத் திருகினாள். அவளுடைய பூட்டு திறந்துகொண்டது, சங்கிலியோ நெகிழவில்லை. ஐயோவாவின் பிப்ரவரிக் குளிர் கையுறையை ஊடுருவி எலும்பைத் தேடிற்று. பின்னால், மக்காச்சோளம் நிறைந்த சரக்கு ரயில் பெட்டிகளோடு இஞ்சின் உறுமி நின்றது. எதிரே, கூப்பிடு தூரத்தில், ஹால்வர்சன் தீவன ஆலை.

ஆலைக்குள் செல்லும் தண்டவாளம் பெரிய ரயில் கம்பெனியுடையது. லொரெட்டா வேலை செய்யும் சிறிய கம்பெனியும் அதன்மேல் சென்று சரக்கை ஒப்படைக்கலாம் என்ற உரிமை சென்ற கோடையில்தான் கிடைத்தது. அதற்குச் சாட்சி, பாதை மாற்றும் நெம்புகோலைப் பிணைத்திருந்த அந்தச் சங்கிலி. இரு கம்பெனிப் பூட்டுகளும் ஒன்றனுள் ஒன்று கோத்துக்கொண்டு அதனை மூடும். இரண்டில் எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி கழன்றுவிடும். பூட்டுகிறவர் தம் பூட்டை அடுத்தவர் பூட்டில்தான் மாட்ட வேண்டும். இன்றோ பெரிய கம்பெனியின் பூட்டு சங்கிலியின் இரு முனைகளையும் தானே கவ்வியிருந்தது. இவளுடையது, வாயில்காப்போன் கண்டுகொள்ளாத விருந்தாளிபோல் ஓரமாகத் தொங்கியது.

இன்னொரு முறை பிந்தினால் வியாபாரம் முழுவதும் பெரிய கம்பெனிக்கே என்று ஆலையின் உரிமையாளர் ஹால்வர்சன் அம்மாள் முன்பே சொல்லியிருந்தாள். ஆலை போனால் சிறிய கம்பெனி இல்லை; லொரெட்டாவுக்குப் பிழைப்பும் இல்லை.

இஞ்சின் ஓட்டும் ஓடிஸ் சன்னலில் தலை நீட்டினான். "வெட்டிப் போடு தாயி. இரும்புவெட்டி இங்கதான் கெடக்கு."

"அடுத்தவன் பூட்ட வெட்டினா இன்னிக்கே நம்மள வெளிய தள்ளுவான்."

"வெட்டலன்னா நாளைக்குத் தள்ளுவான். ஒரு நாள் சம்பளம் லாபம்னு சொல்றியா?"

பெரிய கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையை வயர்லெஸ்ஸில் அழைத்தாள். ஆள் வருவதாகச் சொன்னார்கள். நெடுநேரம் கழித்து வண்டியிலிருந்து இறங்கியவன் வெர்லின். அவள் கணவனின் சவப்பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களுள் ஒருவன். நேற்று இந்தப் பாதையில் கடைசியாக வேலை செய்தவனும் அவனே.

சங்கிலியைக் கண்டதும் அவன் முகம் வெளிறிற்று.

"நேத்து பனி கொட்டுச்சு, கை மரத்துப்போச்சு. உன் பூட்டுலதான் மாட்டினேன்னு நெனச்சேன் லொரெட்டா."

தன் சாவியால் திறந்து, நெம்புகோலைத் தள்ளினான். சென்ற மாதந்தான் அவனுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொரு தவறென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது ஊரறிந்த செய்தி.

வயர்லெஸ் கரகரத்தது. தாமதத்துக்குக் காரணம் என்ன, ஆலைக்குச் சொல்ல வேண்டும், அதைச் சொன்ன பிறகே ரயில் நகரலாம் என்றது கட்டுப்பாட்டு அறையின் குரல்.

"பாதை உறைஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லேன்," என்றான் வெர்லின், தரையைப் பார்த்தபடி.

"முன்னமே வந்து பனிய சுரண்டாதது உங்க தப்புதானேன்னு கேப்பாங்க. அப்ப எங்க கம்பெனி தலையிலதான விழும்?"

இருதலைக் கொள்ளி எறும்பாய்த் துடித்தது அவள் உள்ளம். உண்மையைச் சொன்னால் அவன் வீட்டு அடுப்பு அணையும். மறைத்தால் தன் வீட்டு அடுப்பு. எவர் அடுப்பையும் அணைக்கும் உரிமையைத் தனக்குத் தர வேண்டாமென்று அவள் இறைவனை வேண்டினாள். பின்னர் வயர்லெஸ்ஸை அவனிடமே நீட்டினாள்.

ஆலையின் மேடைக்கு ஹால்வர்சன் அம்மாள் வந்து, கண்மேல் கை வைத்து, அசையாத ரயிலையே பார்த்து நின்றாள். குரல் மறுபடியும் கேட்டது. வெர்லின் கையுறையைப் பல்லால் கடித்து உருவினான். சிவந்த அவனது வெறும் விரல், வயர்லெஸ்ஸின் உறைந்த பொத்தானின்மேல் படிந்தது; இன்னும் அழுத்தவில்லை.