படியேறி வந்தவர்

ஆறு மாடியையும் படியில் ஏறி வந்திருந்தார் அந்த லிஃப்ட் காண்ட்ராக்டர். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நாற்காலியில் தொப்பென்று விழுந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

நான் வக்கீல்; என்னிடம் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, மிச்சத்த உங்களோடயே வச்சுக்குங்க." சீனியர் கற்றுக்கொடுத்த வித்தை. தெரிந்துகொண்டு தூக்கத்தைத் தொலைப்பானேன்? அன்று பார்த்து, அந்த மனிதர் இரைத்த இரைப்பில் பரிதாபப்பட்டுத் தொலைத்தேன்.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது? இதையும் நீங்கதானே பாத்துக்கறீங்க? அப்புறம் ஏன் இந்தப் பாடு?"

அவர் பாட்டிலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"உங்ககிட்ட சொன்னா வெளிய போகாதுல்ல மேடம்?"

"போகாது," என்றேன். பழக்கதோஷம்.

வேறொரு கட்டடத்தில் அவர் பராமரித்த லிஃப்ட் வழுக்கி இறங்கி ஒரு பெண்ணின் கால் முறிந்திருந்தது. அந்த வழக்குக்காகத்தான் வந்திருந்தார். அங்கே போட்ட அதே போலி பிரேக்கைத்தான் எங்கள் கட்டடத்திலும் போட்டிருக்கிறாராம். மலிவாகக் கிடைத்ததாம். சூடேறினால் சரியாகப் பிடிக்காதாம், பாரம் கூடினால் வழுக்குமாம். ஏதோ மழை வரும் என்பதுபோல் சொல்லி முடித்தார்.

காலையில் அந்த லிஃப்டில்தான், கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டே மேலே வந்தேன். நான் கிடக்கிறேன். நான்காவது மாடியில் நடக்க முடியாதவர்களுக்கான பிசியோதெரபி மையம் இருக்கிறது. வாக்கரும் சக்கர நாற்காலியுமாக நாள் முழுக்க ஏறி இறங்குவார்கள்.

"இப்பவே நிறுத்துங்க."

"நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. கழட்டிப் பாத்தா அந்தக் கேசும் சேந்து கழுத்துல விழும். நான் உள்ள போயிடுவேன் மேடம். நல்ல சாமான் நாளைக்கு வந்துடும், சத்தமில்லாம மாத்திடறேன்."

"அதுக்குள்ள யாராச்சும் செத்தா?"

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே."

அறைந்துவிடலாமா என்று கை பரபரத்தது. எழுந்து வராந்தாவுக்குப் போய் சீனியருக்குப் போன் போட்டேன். ஆளையும் இடத்தையும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"சாவு நிச்சயமா?" என்று கேட்டார்.

"நிச்சயம்னு யாரு சார் சொல்ல முடியும்?"

"அப்ப வாயத் திறக்காதம்மா. அவன் உன்ன நம்பிச் சொன்னான். இன்னிக்கு நீ போட்டுக் குடுத்தா நாளைக்கு எவன் வக்கீல்கிட்ட உண்மையச் சொல்லுவான்?"

பேச்சில் ஒரு குறையும் இல்லை. அவருடைய ஆபீஸ் தரைத்தளத்தில் இருக்கிறது.

திரும்பி வந்தபோது காண்ட்ராக்டர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கியிருந்தார். கெஞ்சிக்கொண்டும் திட்டிக்கொண்டும் நானும் பின்னாலேயே இறங்கினேன். நீங்களாக நிறுத்திவிட்டால் கோர்ட்டில் உங்களுக்காக உயிரைக் கொடுத்து வாதாடுவேன் என்றுகூடச் சொன்னேன். மனிதர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கிக்கொண்டே இருந்தார்.

கீழே லிஃப்ட் திறந்திருந்தது. தண்ணீர் கேன்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு ஒருவர் உள்ளே ஏறி நின்றிருந்தார். அந்த இடுக்கில் வாக்கரைப் பிடித்தபடி ஒரு பெரியவர், கூட அவர் மகள். கதவு மூடத் தொடங்கியது. கடைசி ஐந்தாறு படிகளை எப்படித் தாண்டினேனோ தெரியாது, ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். கதவு தோளில் இடித்துத் திரும்பிப் போனது.

"ஏறுறீங்களா மேடம்?" என்றாள் மகள்.

"இல்ல."

"அப்ப கொஞ்சம் நகருங்க. அப்பாவால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

"வெளிய வந்து உக்காரச் சொல்லுங்க. எல்லாருமே வாங்க."

"ஏன்?"

தொண்டைவரை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். காண்ட்ராக்டர் கடைசிப் படியிலேயே, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். கட்டடத்தின் வாசல் அவருக்கு நேரெதிரே திறந்துதான் கிடந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கேக்கறாங்கல்ல? உங்களுக்கு என்னதான் பிரச்சினை?" தண்ணீர்க்காரர் குரலை உயர்த்தினார்.

லிஃப்டின் பஸ்ஸர் அலற ஆரம்பித்தது. பெரியவரின் கைகள் வாக்கரில் நடுங்கிக்கொண்டிருந்தன. கதவு வந்து தோளில் இடித்தது, போனது, மறுபடியும் வந்தது. நான் இரண்டு கைகளாலும் லிஃப்ட் வாசலின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.