எஸ்தருக்குத் தெரிந்த சொல்

திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது, அதற்குள் குதிரையைக் கிளப்பிவிடுங்கள் பாய் என்று ராஜகோபால் சொல்லிவிட்டுப் போனது புதன்கிழமை. மனிதரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் குடும்பம் சேலையூரில் நெல் விளைவித்த நிலமெல்லாம் வீடாகிவிட்டது. மிச்சமிருந்த கடைசி மனையில் இப்போது அவரே கட்டப் போகிறார். சும்மா கிடக்கிற இடம்தானே என்று நான்கு மாதம் குதிரையைக் கட்டிக்கொள்ள விட்டதே பெரிது.

குதிரை அயூபுடையது. அவர் குதிரை வாங்குகிற ஆள் இல்லை. நாற்பத்தொன்பது வயது. கிழக்குத் தாம்பரத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை. இருபத்திரண்டு வருடமாக அவர் வெட்டுவார், மனைவி பரிதா தைப்பாள். குனிந்து குனிந்து அவர் முதுகு கொக்கி போல வளைந்துவிட்டது.

ஏசுபாதம் என்று ஒரு பழைய கண்டக்டர். முப்பது வருடம் தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் நடுவில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு பெண் குதிரை வாங்கி, எஸ்தர் என்று பெயர் வைத்து, கல்யாண ஊர்வலங்களுக்குக் கூட்டிப்போனார். எஸ்தரின் முதுகில் போடுகிற ஜரிகைத் துணியை அயூப் கடையில்தான் தைத்தார்கள். பங்குனியில் ஏசுபாதம் இறந்துபோனார். குதிரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அவர் மருமகள் கையை விரித்தாள். கோவளம் கடற்கரையில் சவாரி விடுகிற ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போனான். அயூப் அவனை முந்திக்கொண்டார். வாங்கிக் கட்டிவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னார்.

பரிதா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பதினாறு வயதில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் காஜா எடுக்கப் போனவள் அவள். பத்து வருடம் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தவள். ஆசைக்குக் குதிரை வளர்ப்பதெல்லாம் அவள் கணக்கில் பைத்தியக்காரத்தனம். ஆனால் ஒன்றைக் கவனித்தாள். காலைத் தொழுகை முடிந்ததும் மனைக்குப் போய்க் குதிரையைத் தேய்த்துவிட்டு வருகிற மனிதர் நிமிர்ந்து நடந்து வந்தார். தைலத்துக்கும் மாத்திரைக்கும் நிமிராத முதுகு. ஒரு நாளாவது அதன்மேல் ஏறி ஓட்டிவிட வேண்டும் என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்த வெட்கத்தை அவள் தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அதனால் கத்தவில்லை. கெடு மட்டும் வைத்தாள். "சனிக்கெழமைக்குள்ள நல்ல லாயமா ஒண்ணு கெடச்சா வுடுங்க. இல்லன்னா கோவளத்துக்காரனுக்கு போன் போட்டுருங்க. குதிரைய இஸ்துகினு தெருவுல நிக்க என்னால ஆவாது."

அயூப் தலையாட்டினார். கோவளத்தில் பகலெல்லாம் சுடுமணலில் குதிரைகள் நடப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை இரண்டு லாயங்களைப் பார்த்தார்கள். முதலாவது மண்ணிவாக்கத்தில். ஞானசௌந்தரி என்ற ஐம்பது வயதுப் பெண் நடத்துவது. பந்தயக் குதிரைகளை விடியற்காலையில் ஓட்டிப் பழக்கும் வேலையில் பதினெட்டு வருடம் இருந்தவளாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் கீற்று வேய்ந்திருந்தது. ஃபேன் கிடையாது, ஈ உண்டு. ஏழு குதிரைகள். அயூப் கூரையைப் பார்த்தார். பரிதா தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு அடிப்பக்கம் தடவினாள், வழுக்கவில்லை. சீட்டு உறை வாங்குகிறவர்கள் மேல்பக்கம் பார்ப்பார்கள், இவளுக்குப் புரட்டிப் பார்த்தே பழக்கம். சேணம் கட்டுகிற இடத்தில் குதிரைகளுக்குப் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை.

ஞானசௌந்தரி எதையும் மறைக்கவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வண்டலூர் ஜூவிலிருந்து சிங்கம் கத்துவது கேட்கும், புதுக் குதிரை முதல் வாரம் மிரளும், அப்புறம் பழகிவிடும் என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி வச்சிருந்தவரு அத்த இன்னா சொல்லி நடக்க வப்பாரு, இன்னா சொல்லி நிறுத்துவாரு?"

தெரியாது என்றார் அயூப். தெரிந்துகொண்டு வாருங்கள், அது தெரியாமல் நான் குதிரையைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

வெளியே வந்ததும் அயூபுக்குக் கோபம். செத்துப்போனவரை எங்கே போய்க் கேட்பது, கீற்றுக் கொட்டகைக்கு இவ்வளவு பிகுவா என்று புலம்பினார். "சிங்கம் கத்துற எடத்துல போயி எவனாவது குதிரைய வுடுவானா?" என்றார். பரிதாவுக்கும் அது சரி என்றுதான் பட்டது.

இரண்டாவது இடம் மாம்பாக்கம் தாண்டி இருந்தது. அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் தனி அறை, தலைக்குமேல் ஃபேன், கதவில் பெயர்ப்பலகை. வெள்ளை வேலி போட்ட மணல் மைதானம். பயிற்சியாளர் வேதசிரோமணி தொப்பியும் முழங்கால் பூட்ஸுமாக இருந்தார், மரியாதையான மனிதர். குதிரையைக் கொண்டுவாருங்கள், முதல் பாடத்தை உங்களுக்கே எடுக்கிறேன், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். பாடம் என்று கேட்டதுமே அயூப் விழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எஸ்தரைச் சின்ன யானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எஸ்தர் சாதுவாக இறங்கியது. அயூபுக்கு ஹெல்மெட் மாட்டி, முக்காலி வைத்து மேலே ஏற்றினார்கள். பரிதா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சுற்று லாயத்து ஆள் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்தினார். அதன் பிறகு கயிற்றை விட்டுவிட்டு, வேதசிரோமணி மைதானத்தின் நடுவில் நின்று சொல்லிக்கொடுத்தார். இடது பக்கம் வாரை மெதுவாக இழுக்கச் சொன்னார். எஸ்தர் திரும்பியது. அடுத்தது வலது பக்கம்.

"ரைட், சார்," என்றார் வேதசிரோமணி.

எஸ்தர் வேகமாக நடந்தது. அயூப் இரண்டு கையாலும் பிடரியைப் பற்றிக்கொண்டார். "சார், ரைட் ரெய்ன். ரைட்ல இழுங்க. ரைட். ரைட்." அவர் சத்தத்தைக் கூட்டக் கூட்ட எஸ்தர் ஓட்டமெடுத்தது. மூலை திரும்பும்போது அயூப் மூட்டை போல மணலில் சரிந்தார். வேதசிரோமணி வாயை மூடிக்கொண்டு அவரிடம் ஓடினார். குதிரை நான்கு எட்டு வைத்து, நின்று, வேலியோரம் புல்லைக் கடித்தது.

அடி பலமில்லை, இடுப்பில் ஒரு சிராய்ப்பு. ஆனால் வேதசிரோமணியின் முகம் மாறிவிட்டது. இது கட்டுக்கு அடங்காத குதிரை சார், ஊர்வலத்தில் கெடுத்து வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு இங்கேயே நிற்கட்டும், பார்த்துவிட்டு நாளைக் காலை சொல்கிறேன் என்றார்.

தாம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள். அயூபுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே பார்த்தபடி, கோவளத்துக்காரன் நம்பர் உன் போனில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள் பரிதா. ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிபடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. கெட்ட குதிரை என்றால் ஆளைத் தள்ளிய பிறகும் அல்லவா ஓடியிருக்கும்? அந்த மனிதர் கத்துவதை நிறுத்தியதும் இது ஏன் நின்றது?

கண்டிகை நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. ஒரு பெண் கூடையோடு படியில் தடுமாற, கண்டக்டர் பின்னாலிருந்து "ஓல்டான், ஓல்டான்" என்றார். டிரைவர் பிரேக்கைப் போட்டார். கூடை உள்ளே வந்தது. "போலாம் ரைட்." பஸ் நகர்ந்தது.

பரிதா புர்காவின் முன்பக்கத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்து வருடம் காதில் விழுந்த சொல். அது ஒரு சொல் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"ஏங்க," என்றாள். "ஏசுபாதம் அண்ணன் இன்னா வேல பாத்தாரு?"

அயூப் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

சனிக்கிழமை காலை இருவரும் மாம்பாக்கத்தில் நின்றார்கள். குதிரையை ஒரு நிமிடம் மைதானத்தில் விடச் சொல்லிப் பரிதா கேட்டாள். இந்த அம்மா என்ன செய்யப் போகிறாள் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "போலாம் ரைட்," என்றாள். எஸ்தர் நடந்தது. பத்தடி போனதும், "ஓல்டான்." எஸ்தர் நின்றது. மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே.

வேதசிரோமணி மனம்விட்டுச் சிரித்தார். நேற்று நான்தான் குதிரையை ஓடவிட்டிருக்கிறேன் என்று அயூபிடம் மன்னிப்பும் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் சொன்னது வேறு. இங்கே பதினோரு குதிரைகள் ஒரே வார்த்தைக்குக் கட்டுப்படுகின்றன, பிள்ளைகள் மாற்றி மாற்றி ஏறுவார்கள், ஒரு குதிரைக்கு மட்டும் தனி பாஷை வைத்தால் நேற்று நடந்தது தினமும் நடக்கும். ஆகையால் இந்தப் பழக்கத்தை மறக்கடிக்க வேண்டும். மூன்று மாதம். அதுவரை சார் ஏறக் கூடாது. கடிவாளமும் கொஞ்சம் கடினமானதாகப் போடவேண்டியிருக்கும்.

அந்தக் கடிவாளத்தை எடுத்துக் காட்டினார். அயூப் அதை வாங்கி, வாய்க்குள் போகிற இரும்பைக் கட்டைவிரலால் தடவினார். எந்த மடிப்பு எங்கே உறுத்தும் என்று தடவியே சொல்கிற விரல் அது. இரும்பைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை ஜேசிபி வரும். இங்கே ஃபேன் இருக்கிறது, சிங்கம் இல்லை. அவர் பரிதாவைப் பார்த்தார்.

பரிதாவுக்கு வேதசிரோமணியின்மேல் வருத்தமில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியிலும் அதே நியாயம்தான்: லைனில் நாற்பது பேரும் ஒரே மாதிரி தைக்க வேண்டும், கைப்பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வா என்பார்கள். அங்கே அவள் தன் கைப்பழக்கத்தை விட்டாள், வேறு வழியில்லை. எஸ்தருக்கு இன்னொரு வழி இருந்தது. மண்ணிவாக்கத்துக்காரி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது.

போனை எடுத்து ஞானசௌந்தரியிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் சிறிது நேரம் சிரிப்புச் சத்தம். பிறகு, "இட்டுகினு வாங்கக்கா. கடைசி ரூம காலி பண்ணி வக்கிறேன்."

மத்தியானத்துக்குள் எஸ்தர் மண்ணிவாக்கத்தில் இருந்தது. ஞானசௌந்தரி அதன் தடுப்புச் சுவரில் சாக்பீஸால் எழுதினாள்: நடக்க, ரைட். நிற்க, ஓல்டான். அதற்குக் கீழே, வேறு எதற்கும் யாரும் இங்கே ரைட் சொல்லக் கூடாது என்று எழுதிக் கோடும் போட்டாள்.

அயூபை உடனே ஏற்றவில்லை. சொந்தக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு முதல் பாடம் தரையில்தான் என்றாள். அன்று பொழுது சாயும்வரை குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யவும் வயிற்று வாரைக் கட்டவும் கற்றுக்கொடுத்தாள். வார் கட்டுவதில் அவர் கை அவள் கையைவிடச் சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏறினார். ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரைட்," என்றார். எஸ்தர் அசையவில்லை.

"இன்னா பாய், வூட்டுல பால் வாங்கினு வரச் சொல்றாப்பல சொல்றீங்க," என்றாள் ஞானசௌந்தரி. "முன்படியில கீறவனுக்குக் கேக்கணும்."

பரிதா புர்கா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அயூப் மூச்சை இழுத்து, "போலாம் ரைட்," என்று ஒரு போடு போட்டார். எஸ்தர் நடந்தது. மண் மைதானம், வெள்ளை வேலியெல்லாம் இல்லை. ஒரு பக்கம் சவுக்குக் கட்டை, மறுபக்கம் பக்கத்து மனையின் காம்பவுண்டுச் சுவர். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் பாதி.

அப்போது காற்று திரும்பியது. வண்டலூர்ப் பக்கமிருந்து சிங்கத்தின் சத்தம் வந்தது. தூரத்தில் லாரி மேடு ஏறுவதுபோல அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். மற்ற ஏழு குதிரைகளும் கொள்ளு தின்றுகொண்டிருந்தன. எஸ்தரின் உடம்பு விறைத்தது. காது இரண்டும் பின்னால் படிந்தன. முன்கால் பக்கவாட்டில் துள்ளியது. அயூபின் கை பிடரிக்குப் போனது.

சொல் பரிதாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஞானசௌந்தரி அவள் தோளில் கை வைத்தாள். பரிதா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கும் அதற்கு அடுத்த நாளும் இவள் இங்கே நிற்கப் போவதில்லை.

"ஓல்டான்," என்றார் அயூப். குரல் பிசிறியது. இன்னொரு தடவை, பின்படிக்கும் கேட்கிற மாதிரி, "ஓல்டான்."

எஸ்தர் நின்றது. தோல் நடுங்கியது, ஆனால் நான்கு காலும் தரையில் இருந்தன. சிங்கம் இன்னொரு முறை கத்தி ஓய்ந்தது. காதுகள் மெதுவாக முன்னுக்கு வந்தன. அயூப் பிடரியிலிருந்து கையை எடுத்து, கழுத்தில் தட்டிக்கொடுத்துவிட்டு, வாரைச் சரியாகப் பிடித்தார்.

மறைமலை நகர்க்காரர் ஒருவரின் கார் சீட்டு உறை, கடையில் பாதி வெட்டிக் கிடந்தது. இறங்குங்கள் போகலாம் என்று சொல்லப் பரிதா வாயெடுத்தாள். மேலே பார்த்தாள். முதுகு நேராக இருந்தது.

"இன்னொரு ரவுண்டு போவட்டா?" என்று கேட்டார் அயூப்.

"ரைட்டு," என்றாள் பரிதா.

எஸ்தர் அவருக்காகக் காத்திருக்கவில்லை.