மின்னல் அடித்த கற்கள்

கௌரி முப்பத்தொரு வருடம் கல்லோடு கதைத்தவள். மனிதர்களோடு கதைத்தது அதைவிடக் குறைவு என்று வெள்ளவத்தையில் அவளுடைய தொடர்மாடிக்காரர் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. நெருப்புக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது அதற்குள் கிடக்கும் இரும்புத் துணுக்குகள் அன்றைய வடக்கைப் பார்த்தபடி உறைந்துபோகும். பிறகு நிலம் எவ்வளவு நகர்ந்தாலும் கல் அந்தப் பழைய வடக்கை மறக்காது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இலங்கை ஒரு காலத்தில் அண்டார்ட்டிக்காவுக்குப் பக்கத்தில் எப்படி ஒட்டிக் கிடந்தது, எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பிரிந்து வந்தது என்றெல்லாம் எழுதி அவள் பேர் எடுத்தாள். "மனிசர் பொய் சொல்லுவினம், கல்லு சொல்லாது" என்று மாணவர்களுக்குக் காது புளிக்கும் வரை சொல்வாள். கல் பொய் சொல்லாதுதான். கல்லின் வாயில் தன் சொல்லைத் திணிக்கிற ஆளைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, கல்லின் காந்தத்தை அளக்கும் காந்தமானியை வீட்டில் வைக்க வழியில்லை. வெள்ளவத்தையில் கடலோர ரயில் ஒவ்வொன்றும் கடக்கும்போது அதன் இலக்கங்கள் குழம்பிப்போகும். அதனால் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். அங்கேயும் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளின் தொல்லை உண்டு. ஆனால் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் சுடலைமுத்துவின் வீடு, அவன் கூப்பிட்டவுடன் வருவான், அது போதும். இருபத்துநான்கு வருடம் அவளோடு மலை மலையாக ஏறித் துளை மெஷின் பிடித்தவன் அவன். கட்டைவிரல் பருமனில் அவன் கல்லைத் துளைத்து எடுப்பான். அவள் அதன் தலையில் ஓர் அம்புக்குறி போட்டு, அது மலையில் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்று புத்தகத்தில் எழுதுவாள். அவள் வேண்டாமென்று எறியும் கல்லைக்கூட அவன் பிஸ்கட் டின்னில் போட்டுக் காப்பாற்றுவான். பிள்ளையில்லாதவன் பூனை வளர்க்கிற மாதிரி என்று அவள் கேலி செய்வாள். அவனுக்குப் பிள்ளை இருந்தது. இராமலெட்சுமி, ஒரே மகள், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாலர் பாடசாலை ரீச்சர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழை விடாமல் பெய்து நான்காவது நாள். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அவளுடைய களப் புத்தகங்கள் அத்தனையையும் இணையத்துப் பொதுச் சேமிப்பில் போடக் கேட்டிருந்தது. அந்தப் பெருமையில் அவள் ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முந்திய சிவப்பு மட்டைப் புத்தகத்தில் வந்து கை நின்றது.

அது இராமலெட்சுமியின் தோட்டத்துப் புத்தகம். அங்கே லயத்து வரிசை அறைகளில் இருந்த சனங்களுக்கு இருபத்தாறு வீடு கட்டத் திட்டம் வந்தபோது, இடத்துக்கு மேலே இரண்டு மாடி உயரத்தில் ஒரு கரும்பாறை நின்றது. அது மலையோடு வேரோடிய பாறையா, மேலேயிருந்து எப்போதோ சரிந்து வந்து குந்தியிருக்கும் கல்லா என்பதுதான் கேள்வி. சரிந்து வந்ததென்றால் மறுபடியும் சரியும். பாறையின் காந்தமும் மலையின் காந்தமும் ஒரே திசை காட்டுகின்றனவா என்று பார்க்க அவள் ஏழு துண்டு எடுத்தாள். பாறை மலையோடு சேர்ந்தது, அசையாது என்று கடிதமொன்றில் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். வீடு கிடைக்கும் பட்டியலில் இராமலெட்சுமியின் பெயரும் இருந்தது. சுடலைமுத்து அன்று தேசிக்காய் சைஸில் லட்டு கொண்டு வந்து கொடுத்தான்.

புத்தகத்தில் மூன்று துண்டுகளுக்கு நேரே திசைக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. "மழை, குறி அழிந்தது" என்று அவளுடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் கடிதத்தோடு கொடுத்த அறிக்கையில் அந்த மூன்றுக்கும் திசை இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்த்தாள். குறி அழிந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி, அதன் காந்தம் மலையின் காந்தத்தோடு ஒத்துவரும் இடத்தில் நிறுத்தி, அங்கே புது அம்புக்குறி போட்டவள் அவளேதான். ஆழ்துளைக் கற்களுக்கு அவளுடைய துறையில் இப்படிக் காந்தத்தை வைத்தே குறி திருத்துவது வழக்கம். பத்துக் கோடி வருடக் கதையில் அதனால் ஒருவரும் சாவதில்லை. இங்கேயோ, ஒத்துவருகிறதா என்று பார்க்கவேண்டிய கல்லை ஒத்துவரும்படி பிடித்துவிட்டு, பார் ஒத்துவருகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். அடிக்கல் நாட்ட நாள் குறித்தாயிற்று என்று திட்டக்காரர் நெருக்கினார்கள். இராமலெட்சுமிக்கு ஒரு வீடு கிடைக்கட்டும் என்ற ஆசையும் அவளுக்கு இருந்தது.

மிச்சம் நான்கு துண்டுகள் குறி அழியாதவை. அவற்றின் திசை மலையோடு சேரவில்லை. மலை உச்சிப் பாறைகளில் மின்னல் அடித்துக் காந்தம் கெட்டுப்போவது சாதாரணம். அதனால் நான்குக்கும் நேரே "மின்னல்" என்று எழுதி எறிந்திருந்தாள்.

சுடலைமுத்துவுக்கு அழைப்பெடுத்து, எறிந்த அந்த நான்கும் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் பிஸ்கட் டின்னோடு வந்தான். மின்னல் அடித்த கல் இப்போது எதற்கென்று கேட்டான், அவள் முதல் துண்டைக் காந்தமானிக்குள் வைத்தாள். மழைக்கு லொறிகள் ஓடாததால் காந்தமானி அமைதியாக வேலை செய்தது. மின்னல் அடித்த கல்லென்றால் காந்தம் அளவுக்கு மிஞ்சியிருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் காட்டும். இந்த நான்கின் காந்தமும் சாதாரண அளவில் இருந்தது. நான்கும் ஒரே பக்கத்தைக் காட்டின, மலையிலிருந்து நாற்பது பாகை விலகி.

"மின்னல் அடிக்கேல்ல, முத்து" என்றாள்.

அவன் காந்தமானியின் திரையைப் பார்த்தான். இருபத்துநான்கு வருடத்தில் அதை வாசிக்க அவளே பழக்கியிருந்தாள். "அப்ப கல்லு திரும்பியிருக்கு" என்றான் மெல்ல. "திரும்புன கல்லுன்னா மேலேருந்து வந்த கல்லு தானே, டொக்டர்?"

"ஓம்."

அவன் ஏசவில்லை, மகளின் தொலைபேசி இலக்கத்தை அழுத்தத் தொடங்கினான். ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். வெளியே கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் வாளி வாளியாகக் கொட்டியது.

மாவட்ட அதிகாரிக்கு அவள் எடுத்த அழைப்பு மூன்றாவது தடவைதான் கிடைத்தது. மனிதர் சிங்களத்தில் மிக மரியாதையாகக் கதைத்தார். மெடம் பயப்பட வேண்டாம், உங்கள் கடிதம் கோப்பில் இருக்கிறது, அதை வைத்துத்தான் கீழ் லயங்களில் இருந்த சனங்களையும் நேற்றுப் பாறையடியில் புது வீடுகளோடு கட்டிய மண்டபத்துக்கு ஏற்றினோம், அந்தப் பக்கத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்றார். அவள் தன் பிழையைச் சொன்னாள். பாதை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது, ஆள் அனுப்ப முடியாது, எதற்கும் திருத்தத்தைக் கையெழுத்தோடு அனுப்பி வையுங்கள் என்றார். கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் அவள் தொலைபேசியை வைத்தாள்.

சுடலைமுத்து அதற்குள் மகளைப் பிடித்துவிட்டான். பயப்படாதீங்க அப்பா, நாங்க எல்லாரும் கல்லுக்கிட்டத்தான் இருக்கோம், நூத்திப் பன்னெண்டு பேரு, சோறு ஆக்கிக்கிட்டிருக்கோம் என்று அவள் சொல்வது அறைக்குள் தெளிவாகக் கேட்டது. சிலர் காலையில் கிளம்பப் பார்த்தார்களாம். டொக்டரின் கடிதத்தைப் படித்துக் காட்டி அவள்தான் நிறுத்தி வைத்தாளாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு தொலைபேசியைக் கௌரியிடம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க" என்றான். "எனக்கு வாய் வரல்ல."

கௌரி சொன்னாள். பாறை சரிந்து வந்த கல், நான் பிழையாக எழுதிப்போட்டன், எல்லாரையும் எழுப்பிக்கொண்டு வெளியே போங்கோ என்றாள். நான் சொன்னா இனிக் கேக்க மாட்டாங்க, நீங்களே சொல்லுங்க என்று இராமலெட்சுமி தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். மண்டபத்து இரைச்சல் மெல்ல அடங்கியது. பிள்ளையொன்று இருமியது. மழை தகரத்தில் அடித்தது.

கௌரி தன் பேரைச் சொல்லி, செய்ததைச் சொன்னாள். பெரிய மாநாடுகளில் தடங்காத நாக்கு இங்கே நாலு இடத்தில் தடங்கியது.

ஒரு வயதான ஆண்குரல் வந்தது. "அன்னைக்கு அசையாதுன்னீங்க. இன்னைக்கு அசையும்னு சொல்றீங்க. நாங்க எதம்மா நம்புறது?"

"இண்டைக்குச் சொல்றத நம்புங்கோ, ஐயா" என்றாள். "அண்டைக்குச் சொன்னதால எனக்கு நல்ல பேர் வந்தது. இண்டைக்குச் சொல்றதால என்ர பேர் முழுக்கப் போகுது. போகட்டும். நீங்க எழும்புங்கோ."

கூட்டம் முணுமுணுத்தது. யாரோ அழத் தொடங்கினார்கள், யாரோ அதட்டினார்கள். பாத்திரங்கள் இழுபடும் சத்தம், பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். எந்திரிச்சிட்டாங்க, டொக்டர் என்றாள் இராமலெட்சுமி. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"ரோடு இல்ல. கீழ ஆறு. எந்தப் பக்கம் போகச் சொல்றீங்க?"

சுடலைமுத்து கௌரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அந்தச் சரிவை நினைவில் ஏறி நடந்தாள். பாறைக்கு இடப்புறம் கோயில் மேடு. அங்கே அவளும் சுடலைமுத்துவும் ஒரு பகல் முழுக்கத் துளைத்தார்கள், காலுக்குக் கீழே எல்லாம் மலையின் சொந்தக் கல். அன்று மழை இல்லை, குறி எதுவும் அழியவில்லை. இல்லையென்றுதான் நினைவு. சரிபார்க்க அந்தப் பக்கத்தைப் புரட்ட நேரமில்லை.

"கோயில் மேட்டுக்கு ஏறுங்கோ" என்றாள்.

இராமலெட்சுமி அதை உரத்துச் சொன்னாள். நிச்சயமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கிழவர்களைத் தூக்குங்க, சின்னதுகள முன்னால விடுங்க என்று குரல்கள் எழுந்தன. நூற்றுப் பன்னிரண்டு பேரின் காலடிகளும் சேற்றில் இறங்கின. பிறகு அழைப்பு அறுந்தது. கௌரி சிவப்பு மட்டைப் புத்தகத்தில் கோயில் மேட்டுப் பக்கத்தைத் தேடிப் புரட்டத் தொடங்கினாள். அவர்கள் மறுபடியும் அவளை நம்பி நடந்துகொண்டிருந்தார்கள்.