சனிக்கிழமை எண்ணெய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். காரைக்குடியில் என்னிடம் நகை கொடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல் பதிக்கிற நேரத்தில் ஒருவர் வாசலில் நின்று வெளிச்சத்தை மறைத்தால் போதும், கத்திவிடுவேன். "செம்மலை ஆசாரிக்கு வாய்தான் பொல்லாதது, கை சுத்தம்" என்பார்கள். அந்தக் கை சுத்தம் என்கிற பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒரு பெண்ணின் ஒன்பது வருஷத்தைப் பாழாக்கினேன்.

அவள் பெயர் மீனாள். அரியக்குடியில் பிறந்து, சிங்கம்புணரிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் கோட்டைச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவனுக்கு ஏழரைச் சனி பிடித்தது. நீலக்கல் மோதிரம் போட்டால் நல்லது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். மீனாள் தன் கழுத்துச் சங்கிலியை அழித்து, கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் தானே பார்த்துக் கல்லை எடுத்தாள். நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் பக்கம் பயப்படுவார்கள். கல்லைத் துணியில் முடிந்து மூன்று நாள் கையில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கோட்டைச்சாமி மூன்று நாளும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினானாம். அதற்கப்புறம்தான் இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது, ஒரு மாசு மறு கிடையாது.

"கல்லுப் பார்க்கத் தெரிஞ்ச பிள்ளதான்" என்றேன்.

மீனாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டீகளா? ஆசாரியாரே சொல்லிட்டாக!" என்று புருஷனை முழங்கையால் இடித்தாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள்.

ராசி மோதிரத்துக்கு அடி திறந்திருக்க வேண்டும், கல் விரலைத் தொட வேண்டும். தங்க விளிம்பைக் கல்லின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி அழுத்துவதுதான் வேலை. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. அன்று காலையில் பக்கத்துக் கடைக்காரன் என் இடுக்கியை இரவல் வாங்கிப்போய் வளைத்துக் கொண்டுவந்திருந்தான். அவனோடு சண்டை போட்ட சூடு ஆறுமுன்னே கல்லில் கை வைத்தேன். மூன்று பக்கம் மடக்கியாயிற்று. நாலாவது பக்கம் அழுத்தும்போது 'டிக்' என்றது.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூலையிலிருந்து கல்லின் நடு வரைக்கும் தலைமுடி போல ஒரு கீறல்.

"அடப் பாவி!" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமாக அன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டு, கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன். எண்ணெய் கீறலுக்குள் இறங்கிவிட்டால் வெளியே தெரியாது, வற்றினால் தெரியும். தண்ணீரில் புழங்குகிற சம்சாரி கையில் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மோதிரம் வாங்க மீனாள் வந்தபோது முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு சொன்னேன்.

"தாயி, இது சனி பகவான் கல்லு. வாரம் தவறாம சனிக்கிழமை பொழுதடைய மோதிரத்தக் கழட்டி நல்லெண்ணெயில போட்டு வைக்கணும். மறுநா காலையிலதான் எடுத்து மாட்டணும்."

"ஒருவேள மறந்துட்டா அண்ணே?"

"மறக்கக் கூடாது!" என்று கத்தினேன்.

அப்படி ஒரு வழக்கம் சாஸ்திரத்திலும் இல்லை, எங்கள் தொழிலிலும் இல்லை. நான் இட்டுக்கட்டியது. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனாள்.

நாலு மாதம் கழித்து அவள் பேறுகாலத்துக்கு அரியக்குடிக்குப் போனாள். பெண் பிறந்தது. சாலா என்று பேர் வைத்தார்கள். குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, பம்புசெட்டைத் தூக்கக் கிணற்றில் இறங்கிய கோட்டைச்சாமி கயிறு அறுந்து விழுந்து செத்துப்போனான். குளிப்பாட்டும்போது அவன் தாய் அக்கம்மாள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றியிருக்கிறாள். கீறல் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. "கீறுன நீலத்த மாட்டிவிட்டு எம் மகனக் கொன்னுட்டாளே" என்று அந்த அம்மாள் தெருவில் விழுந்து அழுதாளாம். பச்சைக் குழந்தையோடு ஓடிவந்த மீனாளை வாசற்படி மிதிக்க விடவில்லை.

சந்தைக்கு வந்தவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன்? அரை நாள் கடையைப் பூட்டினேன். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் அந்தச் சாவு என் தலையில் விடியும், ஒருத்தரும் என்னிடம் கல் கொடுக்க மாட்டார்கள் என்று பயம். கயிறு அறுந்ததற்குக் கல் என்ன செய்யும் என்று எனக்கு நானே நியாயமும் பேசிக்கொண்டேன். அந்த நியாயத்தை அவளிடம் போய்ப் பேச மட்டும் கால் எழவில்லை.

எழுபத்திரண்டில், ஒரு செவ்வாய்க்கிழமை, கடை வாசலில் வெளிச்சம் மறைந்தது. கத்துவதற்காக நிமிர்ந்தேன். மீனாள் நின்றாள். முப்பது வயசுகூட இருக்காது, காது ஓரத்தில் நரை. ஆள் குச்சியாகப் போயிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை என் முன்னால் வைத்தாள்.

"அத்த படுத்த படுக்கையா இருக்காகண்ணே. கொழுந்தன்கிட்ட இதக் குடுத்து விட்டிருக்காக. கீறல எடுத்துட்டு, சுத்தமான கல்லா நம்ம அம்மனுக்குச் சாத்திட்டு, பேத்தியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வரச் சொல்லிட்டாக."

"நல்லதாப் போச்சு."

"நல்லதுதான். ஆனா அறுத்தா கல்லு சின்னதாப் போயிருமாமே? அவுக கையில கெடந்தது அண்ணே. அவுக ஞாபகமுன்னு வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல. அறுக்காம, வேற கட்டுல வச்சு, கீறல் தங்கத்துக்குள்ள போற மாதிரி பதிக்க முடியாதா? சாலா கழுத்துல போட்டுருவேன். அம்மனுக்கு வேற ஏதாச்சும் செஞ்சுக்கிறேன். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

என்னைக் கேட்கிறாள், ஊரில் இத்தனை பேர் இருக்க!

லென்ஸை எடுத்துப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். வேறு கட்டில் பதித்தால் கீறல் உள்ளேதான் இருக்கும். என்றைக்காவது எவனாவது கல்லைக் கழற்றிப் பார்த்தால் அழுத்தி விழுந்த கீறல் என்று சொல்லிவிடுவான். அறுத்துவிட்டால் கீறலோடு என் களவாணித்தனமும் தூளாகப் போய்விடும். "அறுத்துப் பட்டை போட்டுருவோம் தாயி. கீறுன கல்லு வீட்டுல இருக்கக் கூடாது" என்றேன்.

அவள் கண் கலங்கியது. "சரிண்ணே. எல்லாம் என்னாலதான. நீங்க அம்புட்டுச் சொன்னீக, சனிக்கிழமை மறக்காதேன்னு. பேறுகாலத்துக்குப் போறப்ப அத்தைகிட்டச் சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சேன். வண்டியேறுற அவசரத்துல மறந்துட்டேன். மூணு சனிக்கிழமை. மூணும் எண்ணெயில்லாமப் போயிருச்சு. அதான் கல்லு கீறி, அவுகளக் கொண்டுபோயிருச்சு."

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்தே இருந்தேன்.

"அன்னையிலேருந்து சனிக்கிழமை நான் பச்சத்தண்ணி பல்லுல படவிடுறதில்லண்ணே. மறுநா விடிஞ்சுதான் சாப்பாடு. செஞ்ச தப்புக்கு வேற என்ன செய்ய?"

ஊர் அவளைப் பழிப்பது எனக்குத் தெரியும். அவளே அவளைப் பழித்துக்கொள்வது தெரியாது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "நாளானைக்குத் திருச்சிக்குக் கொண்டுபோறேன், இப்பப் போயிட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டேன். உறையூர்ப் பக்கம் கல்லுக்குப் பட்டை போடுகிற சேவுகன் எனக்குப் பழக்கம். மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது கூடப் பொறந்த கீறல் இல்ல ஆசாரியாரே. பதிக்கிறப்ப அழுத்தி விழுந்தது. எந்த மடையன் செஞ்சான்?"

"யாரோ" என்றேன்.

"பாதிக் கல்லு போயிரும். நல்ல கல்லு, பாவம். அறுக்கவா?"

சாணை சுற்றிக்கொண்டிருந்தது. ஊம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தேன். மூன்று சனிக்கிழமை, மூன்று சனிக்கிழமை என்று அவள் விரல் மடக்கிச் சொன்னதுதான் கண்ணில் நின்றது. என் பொய் ஒன்று, அவளுடைய பட்டினி எத்தனை? வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்ததும் கல்லை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். கோபத்தில் போகிறேன் என்று அவன் நினைத்திருப்பான்.

மறுநாள் அக்கம்மாள் காலைப் பிடித்தாவது சொல்லிவிடுவது என்று சிங்கம்புணரிக்குப் போனேன். ஊர் எல்லையில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம், நான் உறையூரில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மீனாள் சேதி கேட்டு வந்தாளாம். கல் இன்னும் சுத்தமாகவில்லையே என்று யாரோ கேட்டார்களாம். வாசலுக்கு வெளியே நின்று அழுதுவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டாளாம்.

சனிக்கிழமை காலை அரியக்குடிக்குப் போனேன். மீனாள் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். சாலா பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். அப்பனின் அதே மூக்கு.

"வாங்கண்ணே. அறுத்தாச்சா? அத்ததான் போயிட்டாக. இனி அறுத்து என்ன?"

கல்லை அவள் கையில் வைத்தேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். இடுக்கிச் சண்டை, டிக் என்ற சத்தம், ஒரு சொட்டு எண்ணெய், எல்லாம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் வாங்கினப்ப கல்லு நல்ல கல்லுதான்?"

"நல்ல கல்லு தாயி. மாசு மறு இல்லாத கல்லு."

"நான் பார்த்துத்தான் வாங்கியிருக்கேன்!" என்று அவள் மகளைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், புருஷனை முழங்கையால் இடித்த அந்தப் பெண்ணின் முகம் வந்துபோயிற்று. நான் அதைப் பார்த்திருக்க வேண்டாம். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு மெல்லக் கேட்டாள். "சனிக்கிழமை?"

"அப்படி ஒண்ணும் கிடையாது. கீறல் தெரியாம இருக்க நானா இட்டுக்கட்டுனது."

"நான் மறந்தது..."

"நீ ஒண்ணும் மறக்கல தாயி. மறக்குறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வெள்ளிக்கிழமை வந்தாலே இவ பயப்படுவா அண்ணே, நாளைக்கு ஆத்தா சாப்பிடாதேன்னு. முந்தாநா வர அத்த உசிரோடதான இருந்தாக? ஒரு வார்த்த அவுக காதுல விழுந்திருந்தா, நான் அந்த வீட்டுக்குள்ள போயி அவுக காலத் தொட்டு அழுதிருப்பேன்ல?"

"மன்னிச்சிரு தாயி" என்றேன். அந்தச் சொல் எனக்கே கேவலமாகக் கேட்டது. "கல்ல எங்கிட்டக் குடு. எப்படிச் சொல்றியோ அப்படிப் பதிச்சுத் தாரேன். கூலி வேணாம்."

"வேணாம். அறுக்கவும் வேணாம், மறைக்கவும் வேணாம். அது என்ன தப்பு செஞ்சுச்சு? கீறல் மேல தெரியுற மாதிரியே சாலாவுக்குப் பதிச்சுப் போடுவேன்." எழுந்து, கல்லை முந்தானையில் முடிந்தாள். "ஆனா நீங்க பதிக்க வேணாம். வேற ஆள்கிட்டக் குடுத்துக்கிறேன். நீங்க போங்க."

அதில் கோபம் இல்லை. கோபம் எனக்கு நன்றாகத் தெரியும், அது இல்லை.

வாசல் படலைத் தாண்டும்போது பின்னால் அவள் குரல் கேட்டது.

"சாலா, பானையில பழைய சோறு இருக்கா?"

"இருக்காத்தா. இன்னைக்குச் சனிக்கிழமையில்ல?"

"இருக்கட்டும். எனக்கு ஒரு கை போடு."

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை ஓடிப்போய் வட்டிலில் போட்டுக் கொண்டுவந்து நீட்டியது. மீனாள் முற்றத்திலேயே உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள். அதை மென்று விழுங்கத் தெரியாதவள் மாதிரி வெகுநேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய் நிறையச் சோற்றோடு ஓவென்று அழ ஆரம்பித்தாள். சாலா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "மெதுவாச் சாப்பிடாத்தா, மெதுவா" என்றது.