வலை அடித்த பெட்டி

அறையில் இருந்தவர்கள்: நான், அக்கா சித்ரலேகா, தகடு வளைத்துக் கொடுத்த நண்பன் இர்ஷாத்.

பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பல்லி புகுந்து, தானும் கருகி போர்டையும் கருக்கியது. மிஞ்சியது ஹார்ட் டிஸ்க் மட்டும். அக்காவின் ஆராய்ச்சிக் கட்டுரை அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. இரவு வேலையை விட்டுவிட்டுச் சும்மா கிடந்த நான், இனி எதுவும் நுழையாதபடி துளைகளுக்கெல்லாம் கம்பிவலை அடித்து, வீட்டிலேயே இரும்புப் பெட்டி செய்து, புது போர்டோடு அந்த டிஸ்க்கையும் அதற்குள் பொருத்தினேன்.

கடைசித் திருகை முடுக்கி ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே 'டிக் டிக்' என்றது. டிஸ்க் சாகும்போது அப்படித்தான் சத்தம் வரும்.

"ஏலே, வேலையத் தொலைச்ச மாதிரி இதையும் தொலைச்சிட்டியா?" அக்கா கத்தினாள்.

பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நிற்கவில்லை.

இர்ஷாத் சிரித்துவிட்டான். "கரண்டு இல்லாம டிஸ்க் எப்படிலே கத்தும்? மூடியக் கழத்து."

கழற்றினேன். ஒரு பல்லி பாய்ந்து சுவரில் ஏறியது. அதை உள்ளே வைத்தே திருகியிருக்கிறேன்.

"ஊருப் பல்லிக்கெல்லாம் வல அடிச்சிட்டு, ஒண்ணக் குடிவச்சிருக்கான் பாரு," என்றாள் அக்கா.

மறுபடி போட்டோம். கட்டுரை முழுசாகத் திறந்தது. மூவரும் மூச்சு விட்டோம். அக்கா துடைப்பத்தை எடுத்துப் பல்லியை வாசலுக்கு வெளியே விரட்டி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.