மாதிரி மாணவியின் எட்டாம் பருவம்

பல்கலைக்கழகத்தில் புதிய படிப்பு தொடங்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில், இணைப்பு மூன்று என்று ஒரு பக்கம் உண்டு. ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொண்டு, எந்தப் பருவத்தில் அவள் என்னென்ன பாடம் படிப்பாள் என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டும்.

எங்கள் துறைத்தலைவி மேடம் ஒரு படிப்புக்கு அனுமதி கேட்டிருந்தார். இளங்கலையையும் முதுகலையையும் ஆறு வருடத்துக்குப் பதில் ஐந்தே வருடத்தில் முடிப்பது. நான் அந்த அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள்.

மற்ற துறைக்காரர்கள் இந்தக் கட்டத்தை ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிப்பார்கள். மேடமோ ஒரு பழைய டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொன்னார். எட்டாம் பருவத்தில் மட்டும் எட்டுப் பாடங்கள். அவற்றில் இரண்டு முதுகலைப் பாடங்கள். அந்த இரண்டும் இரு பட்டங்களுக்கும் கணக்கில் வரும்.

டைரி யாருடையது என்று எனக்குத் தெரியும். மேடத்தின் மகள் இதே துறையில் படித்தவள்; எட்டாம் பருவத்தில் அந்த இரண்டு முதுகலைப் பாடங்களையும் கூடுதலாக எடுத்தவள். நாலாம் வருடக் கடைசியில், பட்டப்பகலில், நூலக மேசையில் தலை சாய்த்தவள் எழவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து நூலகர் மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டுப் போனாராம்.

எட்டாம் பருவத்தோடு டைரி முடிந்துவிட்டது. ஒன்பதையும் பத்தையும் மேடமே கண்ணை மூடி யோசித்துச் சொன்னார். ஆய்வறிக்கைக்குத் தலைப்புகூடச் சொன்னார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

அச்செடுத்த பக்கத்தை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மேடம் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், எட்டாம் பருவத்தின் அந்த இரண்டு முதுகலைப் பாடங்களின் மேலும் பென்சில் கோடு. அழுத்தமாக ஆரம்பித்து, போகப்போக மெலிந்து, ஓரத்தில் காகிதத்தை விட்டே நழுவிப்போன கோடு.

"யாரும்மா இதுல கிறுக்கினது?"

"நான் இல்ல மேடம். சாவி உங்ககிட்டதானே இருந்தது."

"பீரோவுக்குள்ள கரப்பான்பூச்சிதான் மேடம் இருக்கு" என்றார் அட்டெண்டர் அண்ணன். "அது இன்னும் பென்சில் பிடிக்கக் கத்துக்கல."

மேடம் சிரிக்கவில்லை. "திரும்ப அடி" என்றார்.

அடித்தேன். அதற்கு அடுத்த நாளும் கோடு இருந்தது. வியாழக்கிழமையும் இருந்தது. அன்று மேடம் யாரையும் திட்டவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்து, அது நழுவின இடம் வரைக்கும் மெதுவாகக் கொண்டுபோனார்.

"சோம்பேறிக் கழுதை" என்றார். என்னைச் சொல்லவில்லை. அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

மத்தியானம் ஒரு மாணவி கதவோரம் வந்து நின்றாள். புதுப் படிப்புக்கு இப்போதே முப்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இவளும் கொடுக்க வந்தவள்.

"அக்கா, எட்டுப் பாடமும் ஒரே பருவத்துலயா?"

"ஆமா."

"அப்ப தூங்கறதெல்லாம் பட்டம் வாங்கினப்புறம்தான்" என்று சிரித்துவிட்டுப் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குழுக் கூட்டம். பீரோவைத் திறந்து கொடுத்துவிட்டு மேடம் டீனைப் பார்க்கப் போனார். குழுவுக்காக முந்தின நாள் எடுத்து வைத்த பன்னிரண்டு பிரதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாம் சுத்தமாக இருந்தன. மூன்று நாளும் கோட்டைப் பார்த்து வராத பயம் அப்போதுதான் வந்தது. சொல்லிச் சொல்லி மேடத்தின் மகள் களைத்துப்போய்விட்டாளோ என்று தோன்றியது. இப்படியே போனால் முப்பது பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்குள் உட்கார வேண்டியதுதான்.

பென்சிலை எடுத்தேன். பன்னிரண்டு பிரதிகளிலும் நானே அந்த இரண்டு பாடங்களையும் கோடு போட்டு அடித்தேன். வேலை போனால் போகட்டும் என்று துணிந்து அல்ல. கை தானாகப் போயிற்று.

கூட்டத்தில் டீன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்னம்மா, கடைசி நேரத்துல ரெண்டு பாடத்தை அடிச்சிருக்கீங்க? அப்புறம் எப்படி அஞ்சு வருஷத்துல முடியும்?"

மேடம் தன் பிரதியைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு சுவரோரம் நின்ற என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது அவ கோடு இல்ல" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"இன்னைக்குக் கோடு வரல மேடம்."

அவர் பிரதியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"படிக்கிற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?" என்றார் ஒரு பேராசிரியர். "நான்லாம் ஒரே நேரத்துல மூணு படிச்சவன்."

"அதான் மூணும் உங்க தலையில நிக்கல" என்றார் இன்னொருவர். மேசையைச் சுற்றிலும் சிரிப்பு எழுந்தது.

சிரிப்பு அடங்கும்வரை மேடம் காத்திருந்தார். "அவளால முடியல சார்" என்றார்.

"எவளால?"

"என் பொண்ணால. இந்தக் கட்டம் அவளோடது. அந்த ரெண்டு பாடத்தையும் எடுத்துடுங்க. ஆறு வருஷமே ஆகட்டும்."

ஆறு வருடம் என்றால் புதிதாகக் கேட்க ஒன்றுமே இல்லை. டீன் ஃபைலை மூடி மெல்ல எங்கள் பக்கமாகத் தள்ளினார்.

படிக்கட்டில் இறங்கும்போது மேடம் பாதியில் நின்றார்.

"அந்த வருஷம் பதிவுப் படிவத்துலயும் இப்படித்தான் கோடு போட்டுக் குடுத்தா" என்றார். "நான்தான் அழிச்சேன்."

எங்களுக்குப் பின்னால் படிகளில் யாரும் இல்லை. இருந்தும், இறங்கி வருகிற யாருக்கோ வழிவிடுவதுபோல மேடம் சுவரோடு ஒதுங்கி நின்றார். நானும் ஒதுங்கினேன்.