பதினேழாம் எண் மூடி

அத்தான் உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். அக்காவின் கணவர், இந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரும் அவர்தான். அவளுடைய அறிக்கை அவர் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

"இருபது வருஷமா அது கடற்சாமந்தி. என் பேரை வச்ச பிராணி. நீ என்னடான்னா பவளத்துக்குப் பங்காளிங்கிறே?"

"நான் சொல்லல அத்தான், மரபணு சொல்லுது. பார்க்கத்தான் சாமந்தி. வம்சம் கருப்புப் பவளத்தோடது. இன்னொரு தடவை சோதிச்சுட்டா ஊர்ஜிதம் ஆயிடும்."

"எதை வச்சுச் சோதிப்பே?"

பளாரென்று அறை விழுந்த பிறகுதான் கேள்வியின் பொருள் உறைத்தது. ஆழ்கடலில் அகப்பட்ட அந்த ஒற்றைப் பிராணியில் மிச்சம் நகக்கண் அளவு சதைதான். அது உறைபெட்டியில், பதினேழாம் எண் டியூபில் இருந்தது; அந்த எண் அறிக்கையிலும் இருந்தது.

அவர் பெட்டியைத் திறந்து டியூப் தட்டை உருவினார். பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அவர் கூந்தலைப் பற்றி அவள் நெற்றியை மேசை விளிம்பில் மோதினார். கண் இருட்டியது. அப்படியும் பெட்டியைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. அவர் பெட்டிக் கதவை அந்தக் கைமேல் ஓங்கி அடித்தார். இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் அவள் காதிலேயே விழுந்தது.

"பதினஞ்சு, பதினாறு..." மூடிகளைப் படித்துக்கொண்டே வந்தவர், பதினேழைத் தரையில் வீசிச் செருப்புக் குதிகாலால் நசுக்கினார். "ஒழிஞ்சுது உன் பவளம்!"

தரையில் கிடந்தவளின் கண்ணெதிரே, நசுங்கிய டியூபிலிருந்து ஒரு காகிதத் துண்டு எட்டிப் பார்த்தது. பென்சிலில் 'மூன்று'.

டியூபைத் தொட்டு வேலை செய்கிற யாரும் மூடியை நம்ப மாட்டார்கள். பத்து டியூபை ஒன்றாகத் திறந்தால் மூடிகள் இடம் மாறிப்போகும். அதற்காகத்தான் எண் எழுதிய காகிதத்தை உள்ளேயே போட்டு வைப்பது. அத்தான் டியூபைத் தொட்டுப் பத்து வருடமாகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அவள் கடைசியாக ஒன்றாகத் திறந்தது மூன்றையும் பதினேழையும்தான். அவர் நசுக்கியது துறைமுகச் சுவரில் சுரண்டியெடுத்த சாதாரணச் சாமந்தி. நிஜப் பதினேழு மூன்றாம் எண் மூடியோடு தட்டிலேயே பத்திரமாக இருந்தது.

வாயில் வந்த வார்த்தையை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

"ஐயோ, போச்சே அத்தான்! எல்லாம் போச்சே!"

"நல்லா அழு. அக்கா கேட்டா படியில விழுந்தேன்னு சொல்லு." விலாவில் ஓர் உதை விட்டார். தட்டைப் பெட்டிக்குள் விட்டெறிந்துவிட்டு வெளியேறினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாளி பதறிப்போனார். "யாரும்மா இப்படிப் பண்ணது? ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க!"

"போலாம்ணே. போலீசுக்கும் போலாம். முதல்ல கையுறை மாட்டிக்கிட்டு மூணாம் நம்பர் மூடி டியூபைத் தனியா எடுத்து வைங்க." உடைந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "என் ரத்தம் ஒரு சொட்டு பட்டாலும் சோதனையில அது மனுஷ ஜாதின்னு வந்துடும். எங்க அத்தானுக்கு அது ஒண்ணு போதும்."